மீதி இருநூறு எங்கே?

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பது சின்னக் கருவிகள் இருந்தன. கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் இருந்தார். மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் இருந்தது. வெப்ப மின்சார மேற்பார்வை வாரியம் என்று பெயர். மூன்றாவது மாடி முழுக்க அதற்குத்தான். நூற்று நாற்பது கருவிகளும் சேர்ந்து தரும் மின்சாரம், வாரியத் தலைவரின் அழைப்பு மணியை ஒரு தடவை அடிக்கக்கூடப் போதாது. ஆனால் அந்த மின்சாரத்தைப் பற்றிய கோப்புகளை நகர்த்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

கருவி என்றால் தீப்பெட்டி அளவுதான். ஒரு பக்கம் கொதிக்கிற நீராவிக் குழாயின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் அலுமினியச் சிறகுகளை விரித்துக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி என்ற அந்த வித்தியாசத்திலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் வரும். அந்தச் சொட்டைக் குடித்துத்தான் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பெட்டி உயிரோடிருந்தது. பேட்டரி கிடையாது, தூரத்திலிருந்து வயர் இழுக்க வேண்டியதில்லை. குழாயில் கசிவுச் சத்தம் வருகிறதா என்று அது காது கொடுத்துக்கொண்டேயிருக்கும். அதனால் காதுப்பெட்டி என்பார்கள். பத்து நொடிக்கு ஒரு முறை, ஒன்றும் இல்லை என்று கீழ்த்தளத்துப் பலகைக்குத் தகவல் அனுப்பும். தகவல் நின்றுபோனால் பலகையில் அந்தக் குழாயின் சிவப்பு விளக்கு எரியும், கசிவு கேட்டால் விட்டுவிட்டு எரியும்.

இதில் தொண்ணூற்றேழாம் நம்பர் கருவி சலவைக்கூடத்தில் இருந்தது. துணி மடிக்கும் நீள மேசைக்கு நேர் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் அந்தக் குழாய் ஓடியது. மேசையைச் சுற்றி எட்டுப் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த எட்டில் ஒருத்தி மெக்கானிக்கின் மனைவி. மற்ற நூற்று முப்பத்தொன்பதையும் வாங்குகிற சம்பளத்துக்குப் பார்த்தார் என்றால், இந்த ஒன்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

சனி, ஆய்வாளர் உருவத்தில் வந்தது. வாரியத்தின் ஆய்வாளர் அதற்கு முன்னால் மூன்றாவது மாடியை விட்டுக் கீழே இறங்கியதில்லை. அன்றைக்கு லிஃப்ட் தவறான தளத்தில் நின்றுவிட்டது. இறங்கியது இறங்கியாயிற்று, ஆய்வு செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். மெக்கானிக் மீட்டரை வைத்துக் காட்டினார்.

"எவ்வளவு காட்டுது?"

"இருநூறு மில்லிவோல்ட், சார்."

"பெட்டிய கழட்டினா?"

மெக்கானிக் கழற்றிக் காட்டினார். "நானூறு, சார்."

ஆய்வாளர் மீட்டரைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் சட்டைப்பையைப் பார்த்தார். "அப்ப மீதி இருநூறு எங்க?"

"எங்கயும் போகல சார். கருவி வேலை செய்யுறப்ப வோல்ட் எறங்கத்தான் செய்யும். சரியா பாதிக்கு எறங்குற மாதிரி வெச்சாத்தான் அதுக்கிட்டயிருந்து அதிகபட்ச சக்தி கெடைக்கும். அதுக்கு மேல எறங்கினாலும் நஷ்டம், எறங்காம இருந்தாலும் நஷ்டம். நூத்தி நாப்பதையும் ரெண்டு மாசம் உக்காந்து ஒண்ணொண்ணா பாதிக்குக் கொண்டு வந்திருக்கேன்."

ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஐம்பது சதவீதம் காணவில்லை. மெக்கானிக் ஒப்புக்கொண்டார். இரண்டு மாதம் திட்டமிட்டுச் செய்ததாகவும் சொன்னார்.'

அடுத்த வாரம் விசாரணை. நீளமான மேசை, அந்தப் பக்கம் பதினோரு பேர், இந்தப் பக்கம் மெக்கானிக். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அந்த மனிதர் நம்பினார். ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு உதாரணம் தயார் செய்திருந்தார்.

"சலவைக்கூடத்துத் தள்ளுவண்டிய எடுத்துக்கங்க, ஐயா. காலி வண்டியத் தள்ளிட்டு ஓடினா வேகமா போலாம். ஆனா ஒரு துணியும் போய்ச் சேராது. கூரை வரைக்கும் அடுக்கினா வண்டியே நகராது. நடுவுல ஒரு அளவு இருக்கு. வேகம் பாதியாயிடும், ஆனா அப்பத்தான் நெறைய துணி போய்ச் சேரும்."

தலைவர் கவனமாகக் கேட்டார். "எந்த வண்டி வேகமா போகும்னு சொன்னே?"

"காலி வண்டிங்கய்யா. ஆனா..."

"செயலாளர், எழுதிக்கங்க. காலி வண்டி." தலைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் மற்ற பத்துப் பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தை உருக்கமாக வைத்துக்கொள்வது வழக்கம்.

"பன்னெண்டு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரு நாளாவது ஒரு வேலைய பாதியில விட்டேன்னு யாராவது சொல்ல முடியுமா? எந்த வேலை வந்தாலும் முழுசா, அப்படியே, பிரிக்காம, அடுத்த மேசைக்கு அனுப்பியிருக்கேன். இன்னைக்கு நான் இவ்வளவு உயரத்துல நிக்கிறேன்னா காரணம் என்ன? என் தோள்ல ஒரு சுமையும் இல்ல. மனுஷனுக்கு ஒரு நியாயம், கருவிக்கு ஒரு நியாயமா? அதுங்க மேல இருக்கிற சுமைய எறக்கி வைங்க. அதுங்களும் வளரட்டும்."

கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உத்தரவு அன்றைக்கே வந்துவிட்டது. நூற்று நாற்பது காதுப்பெட்டிகளும் கழற்றப்பட்டு, அட்டைப்பெட்டிகளில் கட்டப்பட்டு, ஸ்டோருக்குப் போயின. கருவிகள் எல்லாம் ஒன்றுபோல நானூறு காட்டின. எந்த வேலையும் செய்யாமல், குழாயின் மேல் உட்கார்ந்துகொண்டு, நானூறு காட்டின. ஒரே நாளில் உற்பத்தியை இரண்டு மடங்காக்கியதற்காக வாரியம் தனக்கே ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டது.

கீழ்த்தளத்தில்தான் ஒரு சின்னச் சங்கடம். பெட்டிகளிலிருந்து தகவல் நின்றுபோனதால் பலகையில் நூற்று நாற்பது சிவப்பு விளக்குகளும் எரிந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னவோ ஏதோ என்று பயந்தார்கள். வாரியம் இரண்டு அமர்வுகள் இதை விவாதித்து, சிவப்பு பல்புகளைக் கழற்றிவிட்டுப் பச்சை பல்புகளைப் போடச் சொன்னது. போட்டார்கள். பலகை பச்சைப்பசேலென்று ஆனது. மாதக் கடைசி அறிக்கையில் 'கசிவு பற்றி ஒரு தகவல்கூட வரவில்லை' என்று எழுதினார்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் வேறொரு ஆஸ்பத்திரியின் வாரியம் நானூற்றைம்பது காட்டுகிறதாம் என்று செய்தி வந்தது. தலைவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வித்தியாசம் கூடினால் வோல்ட் கூடும் என்று மெக்கானிக் எந்தக் காலத்திலோ எழுதிக் கொடுத்த குறிப்பை யாரோ தோண்டி எடுத்தார்கள். மனிதர் எழுதிய இருபது குறிப்புகளில் அவர்கள் படித்தது அந்த ஒன்றைத்தான். பாய்லரில் அழுத்தத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவு போயிற்று. குழாய்கள் இன்னும் சூடாயின. மறுபக்கம் குளிர வேண்டுமே என்று, அந்தக் குளிர்காலத்தில், குழாய் ஓடுகிற அறைகளின் சன்னல்களை எல்லாம் திறந்துவைத்தார்கள். நோயாளிகளுக்கு வாரியம் தனது வருத்தத்தையும் ஆளுக்கொரு போர்வையையும் வழங்கியது.

நானூற்று அறுபது. ஐந்நூற்றுப் பத்து. ஐந்நூற்று எழுபது.

"ஏங்க," என்றாள் மனைவி ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது. "எங்க மேசைக்கு மேல இருக்கிற பைப்பு முனகுது."

மெக்கானிக்கின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எப்படி முனகுது?"

"காய்ச்சல்காரங்க தூக்கத்துல முனகுவாங்கல்ல, அந்த மாதிரி. நடுநடுவுல ஒரு டக்குனு சத்தம். நேத்து ஒரு சொட்டு சுடுதண்ணி என் கையில விழுந்துச்சு. மேற்பார்வைக்காரம்மாகிட்ட காட்டினேன். பலகையில பச்சையாத்தானே எரியுது, நீ கைய எடுத்து வெச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க."

அவள் கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டுக்குக் கீழே சிவந்த வட்டம். நாளைக்கு வேலைக்குப் போகாதே என்றார். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோதே லீவெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி ஒரு நாள் போகாவிட்டாலும் வேலை போய்விடும், இருக்கிற குவார்ட்டர்ஸும் அந்த வேலைக்குக் கொடுத்ததுதான் என்றாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் கடிதத்துக்கு, குழாய்கள் தங்கள் வரம்புக்கு உட்பட்டவை அல்ல, குழாயின் மேல் இருக்கும் கருவிகள் மட்டுமே உட்பட்டவை என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கு, முதல் கடிதத்தின் பதிலைப் பார்க்கவும் என்று வந்தது. மூன்றாவதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள், மேலே ஓரத்தை ஒழுங்காக மடிக்கவில்லை என்று.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு காதுப்பெட்டியை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டு போய், ஏணி போட்டு ஏறி, தொண்ணூற்றேழாம் நம்பரில் மாட்டிவிட்டார். பெட்டி விழித்துக்கொண்டது. காது கொடுத்துக் கேட்டது. கேட்ட உடனேயே கத்த ஆரம்பித்துவிட்டது. பலகையில் நூற்று முப்பத்தொன்பது பச்சை விளக்குகள் அசையாமல் எரிய, ஒன்று மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"நூத்தி முப்பத்தொன்பது கருவி அடக்கமா, அமைதியா இருக்கு," என்றார் தலைவர். "இது ஒண்ணு மட்டும் கண்ணடிக்குது. அளவும் பாதிக்கு வந்துடுச்சு. என்ன செஞ்சே?"

"கசிவு இருக்குங்கய்யா. அந்தப் பைப்பு எப்ப வேணும்னாலும் வெடிக்கும். கீழ எட்டு பேர் வேலை செய்யுறாங்க. என் வீட்டுக்காரியும் அங்கதான் நிக்கிறா."

"ஓ, குடும்ப விவகாரம்," என்றார் தலைவர். செயலாளர் அதை எழுதிக்கொண்டார்.

பெட்டியைக் கழற்ற ஆள் போயிற்று. மெக்கானிக்கின் ஏணியையும் மீட்டரையும் சாவிக்கொத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெட்டியைக் கழற்றினால் கருவி உயர்கிறது, ஆகவே வேலையைக் கழற்றினால் இவரும் உயர்வார் என்று சொல்லி, ஆலோசகர் என்று பதவி கொடுத்து, மூன்றாவது மாடியில் ஒரு நாற்காலியும் போட்டார்கள். போகிற போக்கில் செயலாளர் ஒரு செய்தி சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். கூட்ட அறையில் பெரிய திரையில் ஒரு கருவியின் அளவை எல்லோருக்கும் காட்டப் போகிறார்கள். கண்ணடித்த களங்கத்தைத் துடைத்துக்கொள்ள அந்த வாய்ப்பைத் தொண்ணூற்றேழாம் நம்பருக்கே கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் பாய்லரை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

மெக்கானிக் அந்த நாற்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். பயந்தார், அழவும் செய்தார், யாரும் கவனிக்கவில்லை. ஆபத்து என்று எழுதினால் இங்கே யாரும் படிக்க மாட்டார்கள். உயிர் என்று எழுதினால் குடும்ப விவகாரம் என்பார்கள். மூன்றாவது நாள் ஒரு காகிதத்தை எடுத்து, ஓரத்தை ஒழுங்காக மடித்து, இப்படி எழுதினார்:

'மனித உடல் சூடு உள்ளது. சலவைக்கூடத்தில் எட்டு உடல்கள் உள்ளன. இவற்றின் சூட்டால் அறைக் காற்று வெதுவெதுப்பாகி, கருவியின் குளிர்ந்த பக்கம் போதுமான அளவு குளிராமல், அளவு குறைகிறது. வெள்ளிக்கிழமை எட்டு உடல்களையும் அறையிலிருந்து அகற்றினால் விருந்தாளிகளுக்குச் சில மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டலாம்.'

பத்து நிமிடத்தில் கையெழுத்தாகி வந்துவிட்டது. வாரிய வரலாற்றில் அவ்வளவு வேகமாக எந்தக் காகிதமும் நகர்ந்ததில்லை. தலைவரே நேரில் வந்து தோளில் தட்டினார். "இப்பத்தான் நீ நம்ம ஆளு. இத்தனை நாளா நம்ம வோல்ட்ட எட்டு பேர் உக்காந்து தின்னுக்கிட்டு இருந்திருக்காங்க, பாரேன்."

வெள்ளிக்கிழமை கூட்ட அறை நிரம்பி வழிந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அறுநூற்று இருபது. அறுநூற்று ஐம்பது. ஒவ்வொரு பத்துக்கும் கைதட்டல். தலைவர் பேசிக்கொண்டிருந்தார், எதையும் சுமக்காதவர்களால்தான் இந்த உயரம் சாத்தியமாயிற்று என்று. மெக்கானிக் கடைசி வரிசையில் நின்றார். உத்தரவு கையெழுத்தானது தெரியும். கீழே போய்ச் சேர்ந்ததா என்பதுதான் தெரியாது. அந்த மாடியிலிருந்து எந்த உத்தரவு ஒழுங்காகக் கீழே போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

எழுநூற்றுப் பத்து என்று காட்டியது. எங்கோ அடியில் இரும்பு அலமாரி கவிழ்ந்தது போல ஒரு சத்தம். தரை ஒரு தடவை குலுங்கி நின்றது. திரையில் எண் சரசரவென்று சரிந்து பூஜ்யத்தில் வந்து நின்றது.

அந்த அறையில் அந்தப் பூஜ்யத்தின் அர்த்தம் ஒருவருக்குத்தான் தெரியும். கருவியின் இரண்டு பக்கமும் இப்போது ஒரே சூடு. சலவைக்கூடத்தின் காற்றே நீராவிக் குழாய் அளவுக்குக் கொதிக்கிறது.

"இதுக்கு முந்தி எவ்வளவு இருந்துச்சு?" என்று தலைவர் கேட்பது காதில் விழுந்தது. "எழுநூத்திப் பத்தா? அதையே எழுதுங்க."

மெக்கானிக் படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். சலவைக்கூடத்துக் கதவிடுக்கில் வெள்ளையாக நீராவி பீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டார். முற்றத்திலிருந்து பதில் வந்தது. எட்டுப் பெண்களும் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர் மனைவியின் தோளில் பாதி மடித்த விரிப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார்.

மறுபடியும் விசாரணை. இந்த முறை முடிவு முன்கூட்டியே தட்டச்சாகி, மேசையில் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. செயலாளர் வாசித்தார்.

"நூத்தி நாப்பது குழாயில நூத்தி முப்பத்தொன்பது வெடிக்கல. அந்த நூத்தி முப்பத்தொன்பதுலயும் காதுப்பெட்டி இல்ல. வெடிச்ச ஒரே குழாய்லதான் உத்தரவ மீறி காதுப்பெட்டி மாட்டப்பட்டிருந்தது. ஆகவே குழாய் வெடிக்கிறதுக்குக் காரணம் காதுப்பெட்டி. ஸ்டோர்ல இருக்கிற எல்லாப் பெட்டியையும் நொறுக்கிடணும்."

"நீ கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது," என்றார் தலைவர். "போடலன்னா குற்றம் அந்த எட்டு பேர் மேல போகும். வேலை நேரத்துல வேலை செய்யுற இடத்துல இல்ல. ஒருத்தரும் இல்லாததாலதான் கசிவ யாரும் பாக்கல. எட்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

மெக்கானிக் பேனாவை எடுத்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "சஸ்பெண்ட் ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள வர முடியாதுங்களா?"

"கேட்டத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது."

"குவார்ட்டர்ஸ்?"

"விசாரணை முடியுற வரைக்கும் இருக்கலாம்."

"எத்தனை மாசத்துக்குங்க?"

"மூணு மாசம்," என்றார் தலைவர், மிரட்டுகிற குரலில்.

"குற்றம் பெருசுங்கய்யா," என்றார் மெக்கானிக். "ஆறு மாசமாவது குடுக்கணும்." பேனாவை மூடி மேசையில் வைத்தார். வாரியத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தண்டனையைக் கூட்டக் கிடைத்த வாய்ப்பை விட மனமில்லாமல் ஆறு மாதம் என்றே எழுதிக்கொண்டது. அவருக்கும் சேர்த்து.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனிதர் தனக்குள் சிரித்துக்கொண்டே போனார். பிழைப்புக்கு ஏதாவது வழி செய்துகொள்ளலாம். ரேடியோ, மிக்ஸி என்று எதையாவது பிரித்து மாட்டினால்கூடப் போதும். அவள் அந்தக் குழாய்களுக்கு அடியில் நிற்க மாட்டாள்.

மனைவி சாயங்காலம்தான் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நேரம் எங்க போனே?"

"வெளிய வர்றப்ப கேட்டுல நிறுத்தி, திரும்ப உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க இடத்துக்குப் புதுசா எட்டு பேர எடுத்திருக்காங்க. எல்லாம் சின்னப் பொண்ணுங்க. வேலை சொல்லிக் குடுத்துட்டுப் போன்னாங்க. விரிப்ப எப்படி மடிக்கணும்னு காட்டிக் குடுத்துட்டு வந்தேன்."

மெக்கானிக்கின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அவங்களுக்கு எங்க மேசை போட்டிருக்காங்க?"

"தெற்குப் பக்க ரூம்ல. அங்கயும் பைப்பு மேசைக்கு மேலதான் போகுது," என்றாள் அவள். "அதுல ஒருத்தி எங்கிட்ட கேட்டா, அக்கா, இது என்ன முனகுதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"பக்கத்துல மேற்பார்வைக்காரம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க," என்றாள் அவள்.